என் உதட்டில் எழுதிய சிங்கம்

குழந்தை பிறந்த இருபத்தாறாம் நாள் காலையில் என் கீழுதட்டின் வலது ஓரம் ஊசி குத்துவதுபோல் குறுகுறுத்தது. மத்தியானத்துக்குள் அந்த இடம் தடித்தது. சாயங்காலம் பார்த்தால், வெந்த ஜவ்வரிசி மாதிரி நான்கு கொப்புளங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நீர் கோத்து நின்றன.

இது எனக்குப் புதிதில்லை. பள்ளியில் பிரவே என்ற பிரெஞ்சுப் பரீட்சை எழுதிய வாரம் ஒரு தரம் வந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு தரம் வந்தது. எங்கள் கல்யாணப் போட்டோவில் நான் மாப்பிள்ளையைப் பார்க்காமல் இடது பக்கம் திரும்பிக்கொண்டிருப்பதற்கு வெட்கம் காரணமில்லை. ஆனால் அப்போதெல்லாம் அது என் உதடு, என் அவமானம். இப்போது மடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு உடல்நலப் பாடம் எடுத்த கன்னியாஸ்திரீயை மாசேர் என்று கூப்பிடுவோம். மாசேர் ஒரு படத்தைச் சுவரில் மாட்டிப் பிரம்பால் தட்டிக் காட்டுவார். படத்தில் ஒரு வெள்ளைக்காரத் தாய் குழந்தையை முத்தமிடக் குனிந்திருப்பாள். அவள் வாயிலிருந்து குழந்தையின் வாய்க்குக் கறுப்பு எறும்புகள் வரிசையாக இறங்கும். எறும்பு இல்லை, மிக்ரோப், நோய்க் கிருமி என்பார் மாசேர். பிரான்சின் ஆறுகளில் எனக்கு இரண்டுதான் நினைவிருக்கின்றன. அந்த எறும்பு வரிசை மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் மனத்தில் இருந்தது.

பிரசவத்துக்காக அம்மா வீட்டில் இருந்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்பா பஞ்சாலைக்குப் போய்விட்டால் வீட்டில் அம்மா, நான், குழந்தை, மூன்று பேர்தான். அம்மா என் உதட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"பல்லி நக்கியிருக்குது."

"பல்லி எதுக்கும்மா என் உதட்ட நக்கப் போவுது?"

"நீ வாயத் தொறந்துகினு தூங்கினா அது இன்னா பண்ணும்? தோ பாரு, உத்தரத்துல. எப்பிடி முழிக்குது பாரு, திருட்டு முழி."

உண்மையிலேயே அது எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பல்லியோ மிக்ரோபோ, என் வாய் குழந்தையின் அருகே போகக் கூடாது என்று முடிவு செய்தேன். செய்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது. பால் கொடுக்கும்போது முகத்தை அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி இருந்தேன். இரண்டாம் நாள் கழுத்து பிடித்துக்கொண்டது. கையைக் கார்பாலிக் சோப்பில் கழுவிக் கழுவி விரல் நுனிகள் வாடிய வெள்ளரிக்காய்போல் சுருங்கின. எனக்கென்று தனி டம்ளர் வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் யாருமே டம்ளரை உதட்டில் வைத்துக் குடிப்பதில்லை, குழந்தையோ டம்ளரில் குடிப்பதே இல்லை என்று அம்மா சொல்லித்தான் அது எனக்கு உறைத்தது. இருந்தாலும் டம்ளரை மாற்றவில்லை.

முத்தம்தான் கஷ்டம். முத்தம் கொடுக்கக் கூடாது என்று ஒருவர் தீர்மானித்த பிறகுதான் குழந்தையின் உடம்பில் எத்தனை இடங்கள் அதற்காகவே படைக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரிகிறது. கையில் கொடுக்கலாமா என்று யோசித்துக் குனிந்தேன். நான் பாதி வழி போவதற்குள் அவள் அந்தக் கையை அப்படியே வாயில் போட்டுச் சப்ப ஆரம்பித்தாள். சட்டென்று நிமிர்ந்துவிட்டேன். பாதத்தில் கொடுக்கலாம், பாதம் வாய்க்கு எட்டாது என்று தோன்றியது. எட்டாது என்று நிச்சயமா? காலை மெதுவாக மடக்கிப் பார்த்தேன். மூக்குவரை வந்தது. அந்த யோசனையையும் விட்டேன்.

பிறகு, பேசும்போதும் எச்சில் தெறிக்குமே என்ற சந்தேகம் வந்தது. கைக்கண்ணாடியை எதிரே பிடித்துக்கொண்டு, "என் பட்டு, என் பவுனு, என் பாப்பா" என்று கொஞ்சிப் பார்த்தேன். கண்ணாடியில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். அதிலிருந்து தாலாட்டை நடையில் நின்று பாட ஆரம்பித்தேன். குழந்தை அறையில், நான் நடையில், நடுவில் ஒரு கதவு.

"யாருக்குடி பாடுற? தெருவுல போறவனுக்கா?" என்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்.

என் கணவர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். வேலை முடிந்து தினமும் சைக்கிளில் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டு, மூலக்குளத்தில் இருக்கும் தம் வீட்டுக்குப் போவார். இரண்டாம் நாள் சாயங்காலம் நான் அவருடைய கைக்குட்டையை வெந்நீரில் போட்டு எடுத்து மூக்குக்குக் கீழே கட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"இன்னாது இது, கொள்ளையடிக்கக் கிளம்பிட்டியா?"

உதட்டைக் காட்டினேன். எறும்புப் படத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "டாக்டரைப் பாத்துடலாமே" என்றார்.

"முப்பது நாள் கழியாம வாசப்படி தாண்டக் கூடாது மாப்ள" என்றாள் அம்மா.

"அப்ப டாக்டர வீட்டுக்கு அழைச்சிகினு வரேன்."

"உதட்டுப் புண்ணுக்கு டாக்டரா? தெருவே சிரிக்கும்."

அவர் போன பிறகு அம்மாவுக்கு வேறொரு பயம் வந்தது. முப்பதாம் நாள் குழந்தைக்குப் பெயர் வைப்பதாக ஏற்பாடு. என் மாமியார் மூலக்குளத்திலிருந்து சொந்தக்காரர்களோடு வருவார். முகத்தில் கொப்புளத்தோடு என்னைப் பார்த்தால் அவர்கள் பல்லி என்று நினைக்க மாட்டார்கள், மிக்ரோப் என்றும் நினைக்க மாட்டார்கள். அம்மை என்று நினைப்பார்கள். அம்மை கண்ட வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். வாசலில் வேப்பிலையைத் தேடிவிட்டு வந்த வண்டியிலேயே திரும்பிவிடுவார்கள்.

"இது அம்மை இல்ல, அக்கின்னு எல்லாருக்கும் தெரியணும்னா ஒரே வழிதான்" என்றாள் அம்மா. மறுநாளே உழவர்கரைப் பக்கத்திலிருந்து ஒரு குயவரை வரவழைத்துவிட்டாள்.

அக்கிக் கொப்புளம் வந்தால் குயவர் வந்து காவி மண்ணைக் குழைத்து அதன்மேல் சிங்கம் எழுதுவார். சிங்கத்தைக் கண்டால் அக்கி ஓடிவிடும் என்பது நம்பிக்கை. முதுகில், விலாவில் என்று அகலமான இடத்தில் வந்தவர்களுக்கு எழுதி நான் பார்த்திருக்கிறேன். உதட்டில் எழுதி யாரும் பார்த்ததில்லை. குயவரும் பார்த்ததில்லை போலிருக்கிறது. கொட்டாங்குச்சியில் காவியையும் கையில் கோழி இறகையும் வைத்துக்கொண்டு என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இம்மாத்தூண்டு எடத்துல சிங்கம் எப்பிடிம்மா எழுதறது? தலைய எழுதினா ஒடம்புக்கு எடம் இல்ல."

"சின்னதா எழுதுங்க ஐயா" என்றேன்.

"சின்னதா எழுதினா பூனையாப் பூடும். பூனைக்கு அக்கி பயப்படாது."

அவர் தொழிலில் சமரசம் செய்துகொள்ளாதவர். தலையைக் கொப்புளத்தின்மேல் எழுதினார். வயிற்றை என் மோவாய் முழுவதும் பரப்பினார். கால்களைத் தாடைக்குக் கீழே தொங்கவிட்டார். வாலை வலது கன்னத்தின் வழியாகக் காதுவரை ஏற்றி, நுனியில் ஒரு குஞ்சமும் வைத்தார்.

"மூணு நாளைக்கு எழுதணும். கழுவக் கூடாது, எண்ணெய் படக் கூடாது" என்றவர் எழுந்துகொண்டே, "கொழந்தையக் கன்னத்துல வச்சிக் கொஞ்சாதம்மா. ஒட்டிக்கும்" என்றார்.

அக்கி ஒட்டிக்கொள்ளும் என்றாரா, காவி ஒட்டிக்கொள்ளும் என்றாரா, தெரியவில்லை. ஆனால் மூன்று நாளாக நான் சொல்லி யாரும் கேட்காததை, இவர் ஒரு வாக்கியத்தில் சொன்னதும் அம்மா பயபக்தியோடு தலையாட்டினாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. பிரவே படித்தவள் மோவாயில் சிங்கத்தோடு உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒரு பக்கம் கூச்சம். காவி மண்ணில் என்னென்ன எறும்புகள் இருக்குமோ என்று இன்னொரு பக்கம் பயம்.

பெயர் வைக்கும் நாள் விடிந்ததும் குயவர் வந்து சிங்கத்தின்மேல் இன்னொரு பூச்சு பூசிவிட்டுப் போனார். ஒன்பது மணிக்கு மாமியார் வண்டியிலிருந்து இறங்கினார். கையில் சீர்த்தட்டு. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அக்கி எழுதியிருக்குதா?"

"ஆமாங்க அத்தை."

"அம்மை ஏதுமில்லயே?"

"இல்லீங்க. அக்கிதான்."

அவர் கிட்டே வந்து வாலைத் தொடாமல் விரலால் காற்றில் வரைந்து பார்த்தார். "நல்ல கை. கால் நாலையும் எழுதியிருக்கான் பாரு" என்றார். பிறகு பின்னால் வந்த சொந்தக்காரப் பெண்களைப் பார்த்து, "பொண்ணுக்கு அக்கி எழுதியிருக்குது. யாரும் கிட்ட போயி மூஞ்சோட மூஞ்சி ஒரசாதீங்க, கொழந்தையையும் வாய வச்சிக் கொஞ்சாதீங்க" என்று உத்தரவு போட்டார். எட்டுப் பெண்கள் எட்டடி தள்ளி நின்று குழந்தையைக் கண்ணாலேயே கொஞ்சினார்கள். மாசேர் மட்டும் அங்கே இருந்திருந்தால் படத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு குயவரை மாட்டியிருப்பார்.

எங்கள் வழக்கப்படி குழந்தையின் காதில் பெரியவர்களும் தாயும் மூன்று தரம் பெயரைச் சொல்ல வேண்டும். என்னைச் சொல்லச் சொல்வார்களே, வாயைக் காதருகே எப்படிக் கொண்டுபோவது என்று நான்கு நாளாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். "நீ மனசுக்குள்ள சொல்லிக்க, போதும்" என்று மாமியாரே சொல்லிவிட்டார். மனையில் உட்கார்ந்து குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். மாமியார் வெற்றிலையைக் குழாயாகச் சுருட்டி, குழந்தையின் காதில் வைத்து முதல் தரம் பெயரைச் சொன்னார். இரண்டாம் தரம் சொன்னார்.

குழந்தைக்குப் பசி. பாலுக்கு அரை மணி நேரம் பிந்திவிட்டது. காதில் என்னவோ கூசவும் தலையை வெடுக்கென்று இந்தப் பக்கம் திருப்பினாள். எதிரே இருந்தது என் மோவாய். வாயைத் திறந்து அதை அப்படியே கவ்விக்கொண்டு உறிஞ்ச ஆரம்பித்தாள்.

நான் கத்திவிட்டேன். பிடுங்கி எடுத்தபோது அவள் வாய், மூக்கு, கன்னம் எல்லாம் இரத்தச் சிவப்பு. என் மோவாயில் சிங்கத்துக்கு வயிறு இல்லை.

மாமியார் வெற்றிலைக் குழாயோடு தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "சிங்கத்தையே தின்னுட்டா எம் பேத்தி! ஆயா கிட்ட வாடி, எந்தக் காட்டு ராணிடி நீ!"

எல்லாரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. கொப்புளத்துக்கும் அவள் வாய் பட்ட இடத்துக்கும் இரண்டு விரல் தூரம்கூட இருக்காது. காவியை முதலில் கொப்புளத்தின்மேல் தொட்டுவிட்டு, அதே இறகால்தானே மோவாயில் இழுத்தார்? அப்படியானால் எறும்புகளை நானே வரிசையாக நடத்திக் கூட்டிவந்து அவள் வாயில் விட்டிருக்கிறேன். இது ஏன் முன்பே எனக்குத் தோன்றவில்லை? தோன்றியிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? நிச்சயமாகச் சொல்லியிருக்க மாட்டேன். அதுதான் இன்னும் அழுகையைக் கொண்டுவந்தது.

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். "முப்பது நாள் ஆயிடுச்சி இல்ல? வா" என்றார்.

"மூணாந்தரம் பேரு சொல்லலியேடா!" என்றார் மாமியார்.

"வந்து சொல்லலாம், இரு."

ரிக்‌ஷாவில் பட்டுப் புடவை, மல்லிகைப் பூ, காதுவரை வாலோடு நான். மடியில் வாய் சிவந்த குழந்தை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். நாங்கள் எந்தக் கோயிலிலிருந்து வருகிறோம் என்று நினைத்தாரோ.

டாக்டர் பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்தவர். அவரை அம்மா, பிரெஞ்சு மரியாதைப்படி, முசே டாக்டர் என்பாள். அவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு குழந்தையை, பிறகு மறுபடி என்னை. எதுவும் கேட்காமல் பஞ்சை வெந்நீரில் நனைத்துக் குழந்தையின் வாயைத் துடைத்து, பஞ்சை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது மண்ணும்மா."

"தெரியும் டாக்டர் ஐயா. மண்ணுக்காக வரல." நான் உதட்டைக் காட்டினேன்.

"இதுவா? புத்தோன் தெ ஃபியேவ்ர். காய்ச்சக் கொப்புளம். முன்னாடி வந்திருக்குதா?"

"ரெண்டு தரம். இது கொழந்தைக்கு ஒட்டுமா ஐயா? பேசினா ஒட்டுமா? துணியில ஒட்டுமா? பால்ல போவுமா? கழுத்து வலிக்குது, கூரையப் பாத்துகினே..."

"இரு, இரு. ஒண்ணொண்ணாக் கேளு." அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "ஒட்டும். பெரியவங்களுக்கு இது ஒண்ணுமில்ல. ஒரு மாசக் கொழந்தைக்கு வந்தா லேசுப்பட்ட விஷயம் இல்ல. நீ பயந்தது தப்பில்லம்மா."

நான்கு நாளாக அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன். கேட்டதும் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் குழந்தையின் வாய்க்குள்ளும் கண்ணிலும் பார்த்தார். பேசினால் ஒட்டாது, பால் தாராளமாகக் கொடுக்கலாம், மாரில் கொப்புளம் வந்தால்தான் கூடாது; கையைக் கழுவு, புண்ணைத் துணியால் மூடு, பொறுக்கு உதிர்ந்து புதுத்தோல் வரும்வரை முத்தம் வேண்டாம் என்றார். "முன்னாடியே உனக்கு வந்ததால கொழந்தைக்கும் கொஞ்சம் காவல் இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். பன்னெண்டு நாள் பாரு. காய்ச்சல், கொப்புளம், பால் குடிக்காம சோந்து போறது, இதுல எது வந்தாலும் தூக்கிகினு ஓடி வந்துடு. இப்ப போயி அந்த மண்ணக் கழுவு."

"கழுவக் கூடாதுன்னு குயவர் சொன்னாரே."

"நான் கழுவணும்னு சொல்றேனே."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். கழுவினால் அம்மா வருத்தப்படுவாள். அது போகட்டும், கழுவினால் அந்த எட்டுப் பெண்களும் குழந்தையின் மேல் விழுவார்கள். கழுவாவிட்டால் டாக்டர் சொன்னதை மீறியதாகும். கடைசியில் கிணற்றடியில் சிங்கத்தின் தலை, உடம்பு, கால் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். புண் இல்லாத கன்னத்தில் வாலை மட்டும் விட்டுவைத்தேன். அது போதுமானதாக இருந்தது. மூன்றாம் தரம் பெயர் சொல்ல வந்தபோதும் மாமியார் ஒரு கை தள்ளியே நின்றார்.

அடுத்த பன்னிரண்டு நாளும் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நெற்றியில் புறங்கையை வைப்பேன். சுடுகிறதா, என் கை குளிர்ந்திருக்கிறதா? அம்மாவின் கையை வாங்கி வைத்துப் பார்ப்பேன். குழந்தை நன்றாகப் பால் குடித்தால் ஏன் இவ்வளவு வேகம் என்று கவலை, தூங்கினால் சோர்வோ என்று கவலை. ஏழாம் நாள் காலை அவள் மேலுதட்டின் நடுவில் வெள்ளையாக ஒரு சின்னக் கொப்புளம் இருந்தது.

அம்மாவைக் கூப்பிடவில்லை. செருப்பைக்கூடப் போடவில்லை. ரிக்‌ஷா கிடைக்கும் என்று காத்திராமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், பிறகு ஓடினேன். அந்தத் தெருக்கள் எல்லாம் நேராக இருக்கும், முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை தெரியும். அன்று ஒரு தெருவும் முடியவே இல்லை.

டாக்டர் அந்தக் கொப்புளத்தை ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் தடவினார். குழந்தை விரலைச் சப்பிற்று.

"பால் கொப்புளம். உறிஞ்சி உறிஞ்சித் தோல் தடிச்சிருக்குது, அவ்வளவுதான். இவ நல்லாக் குடிக்கறான்னு அர்த்தம்."

"நிச்சயமாங்களா?"

"நிச்சயம்."

"மறுபடியும் ஒரு தரம் பாத்துடுங்களேன்."

அவர் மறுபடியும் பார்த்தார். இந்தத் தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். என்னை அவர் ஏன் திட்டவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, அவர் கொடுத்த தண்ணீரையும் குடித்துவிட்டு வந்தேன்.

பொறுக்கு ஒன்பதாம் நாள் விழுந்தது. பன்னிரண்டாம் நாளும் போயிற்று. டாக்டர் எண்ணியது அன்றைய நாளைச் சேர்த்தா சேர்க்காமலா என்று தெரியாததால் பதின்மூன்றாம் நாளையும் கழித்தேன். பதினான்காம் நாள் எதற்கென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

"இன்னும் இன்னாடி? முசே கிட்ட கையெழுத்து வாங்கிகினு வரணுமா?" என்றாள் அம்மா.

பதினைந்தாம் நாள் காலை அம்மா குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பொட்டு வைத்துப் பாயில் கிடத்தியிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, குனிந்து, கன்னத்தில், கழுத்து மடிப்பில், வயிற்றில், உள்ளங்கைகளில் என்று இத்தனை நாள் சேர்ந்துபோனதை எல்லாம் நிறுத்தாமல் கொடுத்தேன். என் முகத்தை அவ்வளவு அருகில் அவள் பார்த்தே நாளாகிவிட்டது. கண்ணை அகல விரித்துப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. பிறகு வீடே இடிந்துவிழும்படி அலறினாள்.

"இன்னாடி பண்ண கொழந்தைய?" என்று அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

"முத்தம் குடுத்தேம்மா."

"அதுக்கா இந்தக் கத்து கத்துறா?"

"ஆமா."

அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். குழந்தை மூச்சு வாங்குவதற்காக ஒரு விநாடி நிறுத்தியது. அந்த இடைவெளியில் நெற்றியில் இன்னும் ஒன்று கொடுத்தேன்.